பிப்ரவரிக்கான பாறை

டர்பனில் கிரானைட் விற்கும்
மூன்சாமி அண்ட் சன்ஸுக்குக் காலண்டர் வேண்டுமாம்.
பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பாறை.
"மனுசங்க வேண்டாம் பூபாலன்,
அவங்களத்தான் கல்யாணத்துல எடுக்குறீங்களே."

மூன்று பகல் ஓட்டி
கூபூஸ் வந்து சேர்ந்தேன்.
ஒரு தேவாலயம். ஒரு கடை.
கடையில் நான்கு தக்காளி.
பள்ளிச் சுவரில் மழையளவு எழுதும் பலகை;
போன வருடத்துச் சாக்பீஸ்
இன்னும் கலையவில்லை.

முதல் நாள் வீண்.
பதினெட்டு வருடப் பழக்கம்,
முக்காலியை ஊன்றியதும் வாய் தானாகச் சொல்கிறது:
"கொஞ்சம் இந்தப் பக்கம்,
தாடையைத் தூக்கி, ஆங், அப்படியே."
பாறை அப்படியேதான் இருந்தது.
நகர வேண்டியது நானும் சூரியனும்.

எதிர்க் குன்றின் விளிம்பில் வரிசையாக ஆட்கள்.
கையசைத்தேன்.
ஜூம் செய்து பார்த்தால் செடிகள்.
பாதிமனிதன் என்று பெயராம் அதற்கு,
எல்லாத் தலையும் வடக்கே சாய்ந்து.
குரூப் போட்டோவில் ஒருவர்கூட
என்னைப் பார்க்காதது இதுவே முதல் தடவை.

பத்து மணிக்குமேல் இங்கே ஒன்றும் எடுக்க முடியாது.
நிழல் போய்விட்டால்
மலையும் பாஸ்போர்ட் போட்டோதான்.
அதற்குப் பின் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு
ஜனவரி, மார்ச், ஏப்ரல் என்று
பாறைகளுக்குப் பெயர் வைத்தேன்.

நான்காம் நாள் விடியலில்
நாற்பது ஆடுகளோடு மக்ரீட்டா வந்தாள்.
"இந்தக் கல்லை வாங்கப் போகிறாயா?"
"படம் மட்டும்."
"நல்லது. தூக்க முடியாது."

தனிக்கல் அது. துருவின் நிறம்,
உள்ளங்கையைக் கீறும் சொரசொரப்பு.
ஆனால் கிழக்குப் பக்கத்தில், என் நெஞ்சளவில்,
ஒரு முறம் அகலத்துக்கு
வழவழவென்று மின்னியது.
"ஆடுகள் உரசியா?"
அவள் சிரித்து, தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கை வைத்தாள்:
"ஆடு இவ்வளவு."
பிறகு அந்த மினுக்கத்தில் வைத்தாள்:
"காண்டாமிருகம் இவ்வளவு.
கடைசியாக ஒன்று ஆற்றோரம் நின்றதாம்.
நின்றதைப் பார்த்தவரைப் பார்த்தவர்கூட
இப்போது ஊரில் இல்லை."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
முப்பத்திரண்டு அறங்கள் மனப்பாடம்.
முப்பத்தொன்று மறந்துவிட்டது.
மிஞ்சியது ஆதீண்டு குற்றி:
பசு தன் தினவைத் தீர்த்துக்கொள்ள
ஊரார் நட்டு வைக்கும் கல்.
இதை யாரும் நடவில்லை.
உபயம் இன்னார் என்று எங்கும் வெட்டியிருக்கவில்லை.

என் கேமராவின் கதவு
நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு திறந்து மூடியது.
இந்தக் கல் எத்தனை ஆயிரம் வருடம் திறந்தே கிடந்ததோ,
பதிவானது ஒரு விலாப்புறம்.
ஷேக் ஆகவில்லை.

மக்ரீட்டா ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனதும்
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
முதுகை அதில் தேய்த்தேன்.
குளிர்ச்சியாக இருந்தது.
பின்தங்கிய ஒரு கிடாய் மட்டும்
மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

டர்பன் திரும்பிய வாரம் பதில் வந்தது.
"பதினொன்றும் அருமை.
பிப்ரவரியில் மட்டும் நடுவே வெள்ளையாய் அடிக்கிறது,
ஃபிளாஷ் பட்டுவிட்டது போல.
சரிசெய்து அனுப்பவும்."
கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கி
சதுர மீட்டர் கணக்கில் விற்பவர்கள்.

"ஃபிளாஷ் போடவில்லை" என்று எழுதினேன்.
அழித்தேன்.
கைவசமிருந்த வேறொரு மலையை அனுப்பினேன்,
நல்ல மலை, மேகம்கூட இருந்தது.
பணம் வந்துவிட்டது.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு
என் ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன்,
மணமக்கள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே,
"இங்கே பாருங்க" என்று நான் கைநீட்டும் இடத்தில்.
பார்க்கிறார்கள்.
கண்ணாடி என்று நினைத்து
சிலர் தலையைச் சரிசெய்துகொள்கிறார்கள்.